பழைய இன்ஜினில் பல்பை எடுத்துவிட்டு எல்இடி ஹெட்லைட்: டிகோடரின் நீல ஒயரை எங்கே கொடுப்பது?

குறும்பாதை:

வணக்கம். என்னிடம் இருப்பது ஹெச்ஓ அளவு (1:87) மாடல் ரயில் டீசல் இன்ஜின், டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு முந்தைய அனலாக் காலத்து மாடல். என் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ உள்ளே டிசிசி டிகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சின்னப் பலகை) வைத்து ஒயர்களை நேரடியாகப் பற்றவைத்திருக்கிறார்கள், சாக்கெட் எதுவும் கிடையாது. முன்னால் ஒரு பல்பு, பின்னால் ஒரு பல்பு. இரண்டிலும் ஒரு முனை உலோக சேஸிஸைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மறு முனைக்கு முன்பக்கம் வெள்ளை ஒயர், பின்பக்கம் மஞ்சள் ஒயர். டிகோடரிலிருந்து வரும் நீல ஒயர் எங்கேயும் போகவில்லை, நுனியில் டேப் சுற்றி ஓரமாக மடித்து வைத்திருக்கிறார்கள்.

பல்பு எரிகிறது, ஆனால் மங்கலாக. கொஞ்ச நேரம் ஓடினால் முகப்புப் பக்கம் கூடு நன்றாகவே சூடாகிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. இரண்டையும் எடுத்துவிட்டு 3 மிமீ வார்ம் ஒயிட் எல்இடி போடலாம் என்று இருக்கிறேன். அதே இடத்தில், அதே இரண்டு முனைகளுக்கு எல்இடியைப் பற்றவைத்தால் போதுமா? ரெசிஸ்டர் வேண்டும் என்பது தெரியும், எத்தனை ஓம், எந்தக் காலில் என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் எரியப் போவதில்லை என்பதால் ஒரே ரெசிஸ்டரை இரண்டுக்கும் பொதுவாகப் போடலாமா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. கண்ட்ரோலரில் 28 ஸ்டெப் (வேகப் படிகள்) வைத்து ஓட்டுகிறேன். வேகத்தை ஒரு ஸ்டெப் ஏற்றினால் ஹெட்லைட் எரிகிறது, அடுத்த ஸ்டெப்பில் அணைகிறது, அதற்கடுத்ததில் மறுபடி எரிகிறது. பல்பின் காண்டாக்ட் லூஸாக இருக்குமோ?

பழைய இன்ஜின்:

நண்பரே, பற்றவைப்பதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. முதலில் அந்த சேஸிஸ் தொடர்பைத் துண்டியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். எல்இடியின் இரண்டு கால்களும் டிகோடர் ஒயர்களுக்கு மட்டுமே போக வேண்டும், உலோகத்தில் எங்கேயும் படக்கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளை, மஞ்சள் ஒயர்கள் விளக்குக்கு மின்சாரம் கொண்டுவருகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அவை வெறும் சுவிட்சுகள். எஃப்0, அதாவது கண்ட்ரோலரின் ஹெட்லைட் பட்டன், போட்டதும் டிகோடருக்குள் இருக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வெள்ளை ஒயரை டிகோடரின் நெகட்டிவோடு இணைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பாசிட்டிவ் எப்போதும் நீல ஒயரில் நிற்கிறது, எஃப்0 போட்டாலும் போடாவிட்டாலும். கரண்ட் நீலத்தில் புறப்பட்டு, விளக்கைத் தாண்டி, வெள்ளை வழியாக உள்ளே போகிறது. தண்டவாளத்தில் வருவது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் டிசிசி சிக்னல். டிகோடருக்குள் இருக்கும் ரெக்டிஃபையர் அதை நேர்மின்சாரமாக்கித்தான் நீல ஒயரில் கொடுக்கிறது.

உங்கள் இன்ஜினில் முன்பு வேலை செய்தவர் நீலத்தை விட்டுவிட்டு சேஸிஸையே பாசிட்டிவாகப் பயன்படுத்தியிருக்கிறார். சேஸிஸ் ஏதோ ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கிறது, மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து சேஸிஸுக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அந்தத் தண்டவாளம் பாசிட்டிவாக இருக்கும் பாதி நேரம் மட்டும்தான் பல்புக்குக் கரண்ட் கிடைக்கிறது. மங்கலாக எரிவது அதனால்தான், பல்பில் குறை இல்லை. 6 பின் இருக்கும் நெம் 651 என்ற டிகோடர் பிளக்கில் நீல ஒயருக்கு இடமே கிடையாது என்பதால் இப்படி வயரிங் செய்யும் பழக்கம் இருந்தது, அது தவறு என்று சொல்ல முடியாது. அதே இடத்தில் எல்இடியை வைத்தாலும் எரியும், ஆனால் பாதி வெளிச்சம்தான் வரும்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் நீல ஒயரை எடுத்து இணைக்கிறீர்கள், எல்இடியில் நீலத்தோடு சேரும் கால் பழைய பல்பு உட்கார்ந்திருந்த பள்ளத்தில் சேஸிஸைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் அந்தப் பக்கம் நெகட்டிவாக மாறும் ஒவ்வொரு முறையும் நீலத்தின் பாசிட்டிவ் அதோடு நேராக ஷார்ட் ஆகும், நடுவில் தடுக்க எதுவும் இல்லை. டிகோடர் புகைந்து போவதற்கு இது ஒன்றே போதும். அதனால் பல்பு ஹோல்டரில் இருக்கும் பித்தளைத் தகட்டையே கழற்றிவிடுங்கள், எல்இடியின் இரண்டு கால்களிலும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றுங்கள், சேஸிஸில் அந்தப் பள்ளத்துக்குள் காப்டன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள்.

இனி இணைப்பு. எல்இடியில் நீளமான கால் பாசிட்டிவ், அது நீலத்துக்கு. குட்டையான கால், அதாவது விளிம்பு தட்டையாக வெட்டியிருக்கும் பக்கம், நெகட்டிவ். முன்பக்க எல்இடி என்றால் அது வெள்ளைக்கு, பின்பக்கம் என்றால் மஞ்சளுக்கு. ரெசிஸ்டர் எந்தக் காலில் இருந்தாலும் ஒன்றுதான், ஒரே வரிசையில் ஓடும் கரண்ட் இரண்டு பக்கமும் சமம். நான் எப்போதும் வெள்ளை மஞ்சள் பக்கம் போடுவேன், ஏனென்றால் அப்போது ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் தானாக அமைந்துவிடும்.

மதிப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. தண்டவாளத்தில் 15 வோல்ட் என்றால் ரெக்டிஃபையரில் சுமார் 1.4 வோல்ட் போய் நீலத்தில் ஏறக்குறைய 13.5 நிற்கும். வெள்ளை எல்இடி 3.1 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 10.4 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1 கே போட்டால் 10 மில்லிஆம்பியர் சொச்சம் ஓடும், ரெசிஸ்டரில் 0.11 வாட் வெப்பமாகும், கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும். இடம் இல்லை என்று 0603 அளவு எஸ்எம்டி ரெசிஸ்டர் எடுத்தால் அது வழக்கமாக 0.1 வாட்தான், 1 கே மதிப்பில் அது அளவை மீறிவிடும், கவனம்.

உங்கள் கமாண்ட் ஸ்டேஷன் (தண்டவாளத்துக்கு டிசிசி அனுப்பும் பெட்டி) 15 வோல்ட் கொடுக்கிறதா என்று பார்க்க தண்டவாளத்தில் மீட்டரை வைக்காதீர்கள், சாதாரண மீட்டர் டிசிசியை ஒழுங்காகப் படிக்காது. எஃப்0 போட்டுவிட்டு, நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள், கணக்குக்கு வேண்டிய எண் நேராகக் கிடைக்கும். பார்க்கும்போது மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கட்டும், அதுவும் ஷார்ட்தான்.

சிக்னல் கம்பம்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ரெசிஸ்டர் மதிப்பில் மட்டும் நான் ஒத்துப்போகமாட்டேன். 1 கே என்பது எல்இடி எரிந்துபோகாமல் இருப்பதற்கான கணக்கு, பார்க்க நன்றாக இருப்பதற்கான கணக்கு வேறு. இப்போது வரும் வெள்ளை எல்இடிகள் 1 மில்லிஆம்பியரிலேயே நன்றாகத் தெரிகின்றன. 10 மில்லிஆம்பியர் கொடுத்தால் அறை விளக்கை அணைத்ததும் முன்னால் இருக்கும் மலைச் சுரங்கம் முழுக்க வெள்ளையடித்துவிடும், ஹெட்லைட் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் நுணுக்கமான வேலைப்பாடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பழைய டீசலுக்கு, அதுவும் வார்ம் ஒயிட் தேடிப் போட்டுவிட்டு, இப்படி எரியவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

4.7 கே போடுங்கள். மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம். 2.2 மில்லிஆம்பியர்தான் ஓடும், 0.02 வாட் சொச்சம், எந்தச் சின்ன ரெசிஸ்டரும் கையில் சூடே தெரியாமல் தாங்கும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் 1 கே நிலையான ரெசிஸ்டரோடு வரிசையாக ஒரு 20 கே வேரியபிளை வைத்து, கூட்டை மூடி, வழக்கமாக வண்டி ஓட்டும் அறை வெளிச்சத்தில் திருகிப் பாருங்கள். கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தி, ஒயரைக் கழற்றி, மீட்டரில் மொத்த ஓம் அளந்து, அதற்குப் பக்கத்தில் கிடைக்கும் மதிப்பை வாங்குங்கள். அந்த 1 கே இல்லாமல் வேரியபிளை மட்டும் வைத்தால் பூஜ்ஜியத்துக்குத் திருகிய நொடியில் எல்இடி போய்விடும். கூட்டை மூடிப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு, லைட் பைப் (வெளிச்சத்தை முகப்புக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் தண்டு) வழியாக வரும்போது வெளிச்சம் குறையும், திறந்து வைத்துப் பார்த்த மதிப்பு உதவாது.

பொது ரெசிஸ்டர் பற்றிக் கேட்டீர்கள். நீல ஒயரில் ஒன்றே ஒன்று போட்டு முன், பின் இரண்டுக்கும் பகிரலாம், முன்னும் பின்னும் மாறி மாறி மட்டுமே எரியும் வரை வேலை செய்யும். பிறகு ஒருநாள் சிவி 33, 34 (சிவி என்பது டிகோடரில் சேமித்திருக்கும் அமைப்பு எண்) மாற்றி இரண்டு பக்கமும் சேர்ந்து எரியவைக்க நினைப்பீர்கள், அன்றைக்கு இரண்டும் மங்கிவிடும். பின்னால் சிவப்பு எல்இடி இருந்தால் இன்னும் மோசம், சிவப்புக்கு 2 வோல்ட் போதும், அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வெள்ளைக்கு 3 வோல்ட்டை எட்டவே விடாது, வெள்ளை முற்றிலும் அணைந்துவிடும். ஆளுக்கொன்று போட்டுவிடுங்கள்.

ஒரே முகப்பில் இரட்டை விளக்கு வைத்த இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு எல்இடியை வரிசையாக இணைத்து ஒரு ரெசிஸ்டர் போடுங்கள், 6.2 வோல்ட் அவை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 7.3, அதற்கு 3.3 கே போட்டால் அதே 2.2 மில்லிஆம்பியர். இரண்டும் ஒரே கரண்டைப் பகிர்வதால் வெளிச்சம் சமமாக இருக்கும். பக்கம்பக்கமாக இணைத்து ஒரே ரெசிஸ்டரில் விட்டால் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று சோர்ந்தும் எரியும்.

வெளிச்சக் கசிவையும் பாருங்கள். பல்பைவிட எல்இடி வெளிச்சம் கூர்மையானது, மெல்லிய பிளாஸ்டிக் கூட்டின் மூக்குப் பகுதி முழுக்க ஒளிர்ந்து தெரியும். உட்புறத்தில் கறுப்பு, அதன் மேல் வெள்ளி பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும்.

மூன்றாம் பெட்டி:

யாரும் அந்த அணைந்து எரிவதைத் தொடவில்லையே. லூஸ் காண்டாக்ட் இல்லை, அது சிவி 29.

பழைய 14 ஸ்டெப் முறையில் வேகக் கட்டளைக்குள்ளேயே ஒரு பிட் ஹெட்லைட்டுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். 28 ஸ்டெப் வந்தபோது அதே பிட்டை வேகத்தின் கடைசி இலக்கமாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் ஸ்டேஷன் 28 ஸ்டெப்பில் அனுப்புகிறது, டிகோடர் 14 ஸ்டெப் என்று நினைத்துப் படிக்கிறது. அதனால் ஸ்டெப் ஒற்றையிலிருந்து இரட்டைக்கு மாறும்போதெல்லாம் அந்தப் பிட்டும் மாறுகிறது, டிகோடர் அதை விளக்கைப் போடு, விளக்கை அணை என்று புரிந்துகொள்கிறது. ஒன்று விட்டு ஒன்று என்று இவ்வளவு ஒழுங்காக நடப்பதே அடையாளம், லூஸ் காண்டாக்டுக்கு இந்த ஒழுங்கு வராது.

புரோகிராமிங் ட்ராக்கில் (சிவிகளைப் படிக்கவும் எழுதவும் வைத்திருக்கும் தனித் தண்டவாளம்) வைத்து சிவி 29ஐப் படியுங்கள். 28 ஸ்டெப்புக்கான பிட்டின் மதிப்பு 2. நீங்கள் படிப்பது 4 என்றால் 6 எழுதுங்கள், 0 என்றால் 2, 36 என்றால் 38. மற்றவற்றைத் தொடாதீர்கள், அதே சிவியில்தான் ஓடும் திசை, அனலாக் அனுமதி, நீள முகவரி எல்லாம் இருக்கின்றன.

திசை என்றதும் இன்னொன்று. எல்இடி போட்டு முடித்ததும் முன்னோக்கி ஓட்டும்போது பின் விளக்கு எரிந்தால், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள். வண்டி சரியாகப் போகிறது, விளக்கு மட்டும் தவறு என்றால் வெள்ளையையும் மஞ்சளையும் மாற்றிக் கொடுங்கள். விளக்கு சரி, வண்டி பின்னோக்கிப் போகிறது என்றால் மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்ற வேண்டும். இரண்டுமே தலைகீழ் என்றால்தான் சிவி 29இன் திசை பிட், அது மோட்டாரையும் விளக்கையும் சேர்த்தே திருப்பும். விளக்கு ஒன்று மட்டும் தப்பாக இருக்கும்போது அந்தப் பிட்டை மாற்றுபவர்கள் அதிகம், அது ஒன்றைச் சரி செய்து மற்றதைக் கெடுக்கும்.

ஒயர் நிறங்கள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மேலே எல்லாரும் சொல்வது என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) நிறங்கள்: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, நீலம் பொதுப் பாசிட்டிவ். மார்க்லின் கம்பெனி வயரிங்கில் நீலமும் பச்சையும் மோட்டாருக்குப் போகும், பொதுப் பாசிட்டிவ் ஆரஞ்சு, முன் விளக்கு சாம்பல். உள்ளே ஒயர் போட்டவர் யார் என்று தெரியாத இன்ஜினில் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த டேப்பைப் பிரித்து, ஒயர் டிகோடர் பலகையில் எந்த இடத்தில் போய்ச் சேர்கிறது என்பதை டிகோடரின் படத்தோடு வைத்துப் பாருங்கள்.

குறும்பாதை:

எல்லாருக்கும் நன்றி. சிவி 29 படித்தேன், 4 இருந்தது, 6 எழுதியதும் விளக்கு ஒரே நிலையில் நிற்கிறது. நீல ஒயர் படத்தில் உள்ளபடி பொதுப் பாசிட்டிவ்தான், வெள்ளையோடு வைத்துப் பார்த்தால் 13.8 வோல்ட். சேஸிஸ் வலப்பக்கத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கிறது. பித்தளைத் தகடுகளைக் கழற்றிவிட்டு, 4.7 கே போட்டு முன்பக்கம் முடித்துவிட்டேன், அழகாக இருக்கிறது, கூடு சூடாகவே இல்லை.

இப்போது புதிதாக ஒன்று. பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) மேல் மெதுவாகப் போகும்போது எல்இடி சிமிட்டுகிறது. பின்பக்கம் இன்னும் பழைய பல்பு, பழைய வயரிங்தான், அது சிமிட்டவில்லை.

பழைய இன்ஜின்:

பல்பின் இழை சூடாக இருக்கும், கரண்ட் ஒரு கணம் விட்டுப்போனாலும் அது உடனே ஆறாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. எல்இடி உடனே அணையும், உடனே எரியும். சக்கரம் தண்டவாளத்தை விட்டுவிடுவது முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது, இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது.

சக்கரங்களையும் பிக்கப் தகடுகளையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்களை மட்டும் அதில் சுழலவிட்டால் வரும் கறுப்புக் கோட்டைப் பார்த்தாலே புரியும். பிக்கப் தகடு எல்லாச் சக்கரங்களையும் தொடுகிறதா என்றும் பாருங்கள், பழைய இன்ஜின்களில் ஒன்றிரண்டு சக்கரம் மட்டும் கரண்ட் எடுப்பது சகஜம், பாயிண்டின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டைத் தாண்ட அது போதாது.

அதற்குப் பிறகும் சிமிட்டினால் எல்இடியின் இரண்டு கால்களுக்கு நடுவே, அதாவது ரெசிஸ்டருக்கு அப்பால், ஒரு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பாசிட்டிவ் முனை எல்இடியின் பாசிட்டிவ் காலோடு. 4.7 கே வழியாகத்தான் அது நிரம்பும் என்பதால் டிகோடருக்குச் சுமை இல்லை. எஃப்0 போட்டதும் கால் நொடி போல தாமதித்து எரியும், பழைய விளக்குக்கு அது பொருத்தமாகவே இருக்கும். அங்கே 3 வோல்ட்தானே என்று 6.3 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்காதீர்கள், என்றாவது எல்இடியின் ஒரு கால் விட்டுப்போனால் முழு 13.8 வோல்ட்டும் அதன் மேல் ஏறும். 25 வோல்ட் வாங்குங்கள். கெப்பாசிட்டரை நேராக நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே மட்டும் வைத்துவிடாதீர்கள், போட்ட நொடியில் டிகோடரின் அந்த அவுட்புட்டுக்கு அது ஷார்ட் மாதிரிதான்.

சிக்னல் கம்பம்:

பின்பக்கத்தை மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். எல்இடி காலை வளைக்கும்போது உடம்புக்கு ஒட்டி வளைக்காமல் 3 மிமீ தள்ளி, காலை நுனி மூக்கு இடுக்கியில் பிடித்துக்கொண்டு வளையுங்கள். பற்றவைக்கும்போதும் இடுக்கி அங்கேயே இருக்கட்டும், சூடு உள்ளே போகாமல் அது உறிஞ்சிக்கொள்ளும். இரும்பை மூன்று நொடிக்கு மேல் வைக்க வேண்டாம்.

மூன்றாம் பெட்டி:

பிற்பாடு ஒருவேளை ஓட்டுநர் அறை உள்ள பெட்டிக்கும் இதே எல்இடி போட நினைத்தால், அங்கே மோட்டார் இல்லாத ஃபங்ஷன் டிகோடர்தான் வரும். அதில் எல்இடி மட்டும் இருந்தால் புரோகிராமிங் ட்ராக்கில் சிவி படிக்க முடியாமல் போகலாம், டிகோடர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். டிகோடர் பதில் சொல்வது 60 மில்லிஆம்பியர் அளவுக்கு ஒரு சின்னக் கரண்ட் துடிப்பை இழுத்துத்தான், 2 மில்லிஆம்பியர் எல்இடியை வைத்துக்கொண்டு அதால் அவ்வளவு இழுக்க முடியாது. கழற்றிய அந்தப் பழைய பல்புகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், படிக்கும் நேரத்துக்கு மட்டும் நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஒன்று, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஒன்று என்று பிடித்தால் பெரும்பாலும் படித்துவிடும். எழுதுவதற்கு அதுவும் வேண்டாம், மெயின் ட்ராக்கில் வைத்தே எழுதலாம்.